நீர்ச்செடிக்கு எவ்வளவு விளக்கு வேண்டும்?

இல்லத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் மீனோடு செடியும் வளர்க்க விரும்பும் சங்க அன்பர்கள் சிலர், அதற்கு எத்தகைய விளக்கை வாங்குவது என்று வினவியிருந்தனர். இவ்வினாவிற்கு விடை கூறும் தகுதி எனக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். தவறு செய்து கற்றவன் நான். அத்தவற்றுக்கு விலை கொடுத்தவை மூன்று சிறு மீன்கள். என் மகளின் கண்ணீரும் அதனோடு சேர்ந்தது.

நாங்கள் குடியிருப்பது தரைத்தளத்து வீடு. முன்னறைக்கு ஒரே சன்னல். அதற்கு அப்பால் மூன்றடி தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். பெங்களூரில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர் பலருக்கும் இந்நிலை புதிதன்று. ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து என் அன்னையார் இங்கு வந்து சேர்ந்தபோது, வாயிற்படியில் அமர்ந்து ஏரியைப் பார்த்துப் பழகிய கண்களுக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. அவர் பொருட்டே இரண்டடி நீளமுள்ள தொட்டி ஒன்றை வாங்கினோம். நான் அதன்மேல் விளக்குப் பொருத்துவதைக் கண்ட அன்னையார், “ஏனப்பா, நம் ஊர் ஏரியில் வளரும் அல்லிக்கும் கொட்டிக்கும் எவர் விளக்கு வைத்தார்?” என்று கேட்டார். நான் நகைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அவ்வினாவைச் சற்று நேரம் எண்ணிப் பார்த்திருந்தால் பின்னர் நேர்ந்த துன்பம் நேர்ந்திராது.

ஏரியில் விளக்கு வைத்தவன் கதிரவன். நண்பகல் வெயிலின் ஒளியை அளந்தால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். நம் வீட்டு அறையில், விளக்கு எரியும்போதும், நூறு முதல் முந்நூறு லக்ஸ் வரையே இருக்கும். நம் கண் இவ்விரண்டிற்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. செடிக்கு அத்தகைய வித்தை தெரியாது. ஆகவே அறைக்குள் வாழும் நீர்ச்செடிக்குத் தனி விளக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி.

பள்ளியில் நாம் அனைவரும் பார்த்த ஒரு சோதனையை நினைவு கூர்வோம். முகவையில் நீர் ஊற்றி, ஹைட்ரில்லாச் செடியை இட்டு, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின்மேல் நீர் நிறைந்த சோதனைக் குழாயைத் தலைகீழாக நிறுத்துவார் ஆசிரியர். வெயிலில் வைத்தால் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழும். நிழலுக்குக் கொண்டுவந்தால் குமிழிகள் குறையும். ஒளியில் மட்டுமே செடி பிராணவாயுவை வெளியிடுகிறது என்னும் இவ்வுண்மையை யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இச்சோதனையில் நாம் கவனியாது விட்ட ஒரு செய்தி உண்டு. ஒளியை மேலும் மேலும் கூட்டினால் குமிழிகளும் முடிவின்றிக் கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் எல்லையில் நின்றுவிடும். ஏனெனில் செடிக்கு ஒளி மட்டும் போதாது. நீரில் கரைந்த கரியமிலவாயுவும், உப்புச் சத்துக்களும் வேண்டும். அடுப்பில் நெருப்பை மட்டும் கூட்டிப் பானையில் அரிசி இடாவிட்டால் சோறு மிகுமா? அதுபோன்றதே இது.

இவ்வுண்மையை அறியாமல் நான் செய்ததைக் கேளுங்கள். கடைக்காரர் ஒருவர், “செடி நன்றாக வளர வேண்டுமானால் வலிய விளக்கே வேண்டும்” என்று கூறி, முப்பது வாட் விளக்கு ஒன்றை என்னிடம் தந்தார். மீன்கள் அனைத்திற்கும் கொடுத்த விலையைவிட அவ்விளக்கின் விலை அதிகம். விலை கொடுத்து வாங்கியதை வீணாக்கலாகாது என்று, காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எரியவிட்டேன். முதல் வாரம் தொட்டி கோயில் விழாப்போல் ஒளிர்ந்தது. இரண்டாம் வாரம் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. மூன்றாம் வாரம் நீர் முழுவதும் பச்சை நிறமாகி, மீன்கள் இருக்குமிடமே தெரியவில்லை.

என் மகள் மீன்களுக்கு அளவின்றி உணவு போடுவதே காரணம் என்று முடிவு செய்து அவளைக் கடிந்துகொண்டேன். அவள், “நான் இரண்டு சிட்டிகைதான் போட்டேன் அப்பா” என்று சொன்னதை நான் நம்பவில்லை. பிறகு, ஒளியை அறவே நிறுத்தினால் பாசி மடியும் என்று எவரோ கூறக் கேட்டு, விளக்கை அணைத்துத் தொட்டியைக் கனத்த போர்வையால் மூடினேன். பாசி மடிந்தது உண்மையே. ஆனால் அவ்வளவு பாசியும் ஒருங்கே மடிந்து அழுகும்போது, நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் அது உண்டுவிடும் என்பதை நான் அறியவில்லை. நீரை மாற்றவுமில்லை, காற்றுக் குழாய் வைக்கவுமில்லை. நான்காம் நாள் காலையில் போர்வையை நீக்கியபோது, ஆறு கப்பி மீன்களில் மூன்று மேலே மிதந்தன. எஞ்சியவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குழந்தை, “நான் சோறு போட்டதாலா செத்துப்போயின?” என்று கேட்டாள். அவ்வினாவிற்கு உண்மையான விடையைக் கூற எனக்குப் பல நாட்கள் ஆயின.

இஃது என் ஒருவனுடைய அறியாமை மட்டுமன்று; மீன்தொட்டியின் வரலாற்றின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர், ஒரு பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் இட்டு, செடி தரும் பிராணவாயுவை மீனும், மீன் தரும் கரியமிலவாயுவைச் செடியும் ஏற்று வாழும் என்று கண்டு, 1850-இல் அதை வெளியிட்டார். அவருடைய பாத்திரத்திலும் இலைகள் அழுகி, பாசி படர்ந்து, நீர் கலங்கியது. நத்தைகளை விட்ட பின்னரே அது தெளிந்தது. இவ்வாறு தொடங்கிய கலை நம் நாட்டுக்கும் வந்தது. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன்காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. நம் பெங்களூரில் கப்பன் பூங்காவை அடுத்த அரசு மீன்காட்சியகம் 1983-இல் ஏற்பட்டது.

இனி விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, விளக்கின் வகை. பழைய மஞ்சள் குமிழ் விளக்கு, தான் உண்ணும் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதியை வெப்பமாகவே வெளியிடும். ஒளியாவது மிகச் சிறு பகுதியே. அது தொட்டிக்கு ஆகாது. அதன்பின் வந்த குழல் விளக்கு நெடுங்காலம் நன்கு பயன்பட்டது. ஆயினும் நாளடைவில் அதன் ஒளி மங்கும். இன்று எல்.இ.டி. விளக்கே சிறந்தது. வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி., உண்மையில் நீல ஒளி தருவது. அதன்மேல் பூசிய மஞ்சள் பொருள் அவ்வொளியின் ஒரு பகுதியை மாற்றி வெண்மையாக்குகிறது. அந்நீல விளக்கைக் கண்டமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீர்ச்செடித் தொட்டிகளை ஒரு கலையாகவே வளர்த்த தகாஷி அமானோ என்பவரும் ஜப்பானியரே. ஆனால் இவ்விருவரும் வேறு வேறானவர். பெயரொற்றுமையால் மயங்க வேண்டா.

இரண்டாவது, ஒளியின் நிறம். விளக்குப் பெட்டியின்மேல் 2700, 4000, 6500 என்று எண்ணும், அதன் பின்னே கெல்வின் என்னும் அளவும் அச்சிட்டிருக்கும். எண் சிறிதாயின் ஒளி மஞ்சளாகவும், பெரிதாயின் நீலம் கலந்த வெண்மையாகவும் இருக்கும். 6500 கெல்வின் என்பது பகல் வெளிச்சத்தை ஒத்தது. செடிகள் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக ஏற்று, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனாலேயே அவை நம் கண்ணுக்குப் பசுமையாகத் தோன்றுகின்றன. வெள்ளொளியில் எல்லா நிறமும் கலந்திருத்தலின், 6500 கெல்வின் எழுதிய சாதாரண வீட்டு விளக்கே எளிய செடிகளுக்குப் போதும். செடிக்கென்றே செய்ததாகக் கூறி ஊதா நிறத்தில் எரியும் விளக்குகள் கட்டாயத் தேவையல்ல. அவ்வொளியில் மீனின் இயற்கை நிறமும் தெரியாது.

மூன்றாவது, ஒளியின் அளவு. முன்னாளில் நீரின் அளவுக்கு இத்தனை வாட் என்று கணக்கிட்டனர். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரமே அன்றி, அது தரும் ஒளியன்று. எல்.இ.டி. வந்தபின் அக்கணக்குப் பொருந்தாது. ஒளியின் அளவு லூமன். அதுவும் பெட்டியின்மேல் இருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 15 முதல் 25 லூமன் வரை என்பது எளிய செடிகளுக்கு ஏற்றது. 25 முதல் 50 வரை என்பது நடுத்தரம். அதற்கு மேற்பட்டால் கரியமிலவாயு உருளையும், நாள்தோறும் உரமும் வேண்டும்.

கணக்கை ஒருமுறை போட்டுக் காண்போம். தொட்டியின் நீளம் 60, அகலம் 30, உயரம் 30 செண்டிமீட்டர் எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். மணலுக்கும் மேல் இடைவெளிக்கும் போக, நீர் ஏறக்குறைய 45 லிட்டர். லிட்டருக்கு 20 லூமன் என்றால் 900 லூமன் போதும். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஏறக்குறைய அவ்வளவு தரும். நான் வைத்திருந்த முப்பது வாட் விளக்கோ மூவாயிரம் லூமன்; லிட்டருக்கு அறுபதுக்கு மேல்! மின்சாரக் கணக்கையும் பாருங்கள். முப்பது வாட் விளக்கு நாளுக்குப் பதினான்கு மணி நேரம் எரிந்தால் திங்களுக்கு 12.6 யூனிட். ஒன்பது வாட் விளக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் 1.9 யூனிட். பாசியை வளர்ப்பதற்காக ஆறு மடங்குக்கு மேல் மின்கட்டணம் செலுத்தியிருக்கிறேன்.

வலிய விளக்கை முன்னரே வாங்கிவிட்டவர்கள் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. விளக்கை உயர்த்தினால் நீரில் விழும் ஒளி குறையும். மிதக்கும் செடிகள் சிலவற்றை மேலே விட்டால் அவை குடைபோல் நிழல் தரும். ஒரடிக்கு மேற்பட்ட ஆழமுள்ள தொட்டியாயின், அடியிலுள்ள செடிக்குச் சற்று மிகுதியான ஒளி வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்க.

நான்காவது, நேரம். தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம் போதும். மூன்று வாரம் கழித்து, பாசி தோன்றவில்லையாயின், வாரத்திற்கு அரைமணியாகக் கூட்டி எட்டு மணியில் நிறுத்துக. ஒருநாள் மூன்று மணி, மறுநாள் பன்னிரண்டு மணி என்று மாற்றி மாற்றி எரிப்பது நன்றன்று. நான் ரயில்வேயில் முறைவேலை பார்ப்பவன். ஒரு வாரம் காலையிலும் ஒரு வாரம் இரவிலும் பணி. என் கையால் விளக்கை ஏற்றி அணைத்தால் ஒழுங்கு நிலைக்காது. ஆகவே, நேரம் குறித்தால் தானே ஏற்றி அணைக்கும் டைமர் ஒன்றைச் செருகினேன். விளக்கு எரியும் நேரத்தை, வீட்டார் கூடியிருக்கும் நேரமாக வைத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டியது இத்தனை மணி என்பதே; அது காலையா மாலையா என்பது அன்று. எங்கள் வீட்டில் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு ஒன்பது வரை எரிகிறது. இரவில் மீனுக்கும் இருள் வேண்டும்; அப்பொழுதுதான் அவை இளைப்பாறும்.

சன்னல் வெயிலே போதாதா எனச் சிலர் கேட்கலாம். தொட்டியில் நேர்வெயில் பட்டால் சிறிதளவு நீர் விரைவில் சூடேறும், பாசியும் பெருகும். வெயில் நேரே படாத இடத்தில் தொட்டியை வைத்து, விளக்கால் அளந்து ஒளி தருவதே நம் கைக்கு அடங்கிய வழி.

விளக்கிற்கு ஏற்ற செடியைத் தேர்வதும் விளக்கைத் தேர்வதன் ஒரு பகுதியே. இலங்கைத் தீவுக்குரிய கிரிப்டோகொரைன் வெண்டியை என்பது குறைந்த ஒளியில் நிறைவாக வாழும். நட்ட சில நாட்களில் அதன் இலைகள் கரைந்து விழக்கூடும். அது இறந்ததெனப் பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஜாவாப் பெரணி, ஆப்பிரிக்காவின் அனுபியாஸ் ஆகியவற்றை மணலில் புதையாமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடலாம். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் விரைந்து வளர்ந்து, பாசிக்குச் செல்லும் சத்தைத் தாமே உண்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய ரோட்டாலா மக்ராண்ட்ரா செக்கச் சிவந்த அழகுடையது. ஆனால் மிகுந்த ஒளியும் கரியமிலவாயுவும் கேட்கும். புதியவர்கள் அதன் அழகில் மயங்கி வாங்கி வருந்த வேண்டா.

ஒளி குறைவா மிகையா என்பதைச் செடியே சொல்லும். தண்டு மெலிந்து நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி அகன்று, அடி இலைகள் உதிர்ந்தால் ஒளி போதவில்லை. கண்ணாடியைத் துடைத்த இரண்டு மூன்று நாட்களிலேயே பச்சை படிந்தாலும், இலைமேல் நூல்போல் பாசி தொங்கினாலும் ஒளி மிகை. அப்பொழுது நேரத்தை ஒரு மணி குறைத்து, வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி, இரண்டு வாரம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். நான் செய்ததுபோல் ஒரேயடியாக இருட்டாக்குதல் கூடாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் மற்றொன்றை மறத்தலாகாது. நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடுகின்றன. விளக்கு நீரில் விழாதபடி உறுதியாகப் பொருந்தியிருக்க வேண்டும். மின்கம்பி, பிளக்கிற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பின்னர் மேலேறிச் செல்லட்டும். கம்பி வழியே நீர் வழிந்தாலும் அவ்வளைவில் சொட்டிவிடும், பிளக்கினுள் புகாது. கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புக் கருவி வீட்டில் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையேல் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறுங்கள். தொட்டிக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துதல் எப்பொழுதும் வழக்கமாக இருக்கட்டும்.

தொட்டியில் மிகுந்த செடியை அல்சூர் ஏரியிலோ வேறு நீர்நிலையிலோ எறிய வேண்டா என்பதும் என் வேண்டுகோள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பெற்ற ஆகாயத்தாமரை நம் ஏரிகளை எவ்வாறு மூடிவிட்டது என்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். வெயிலில் உலர்த்திப் பூந்தொட்டிக்கு எருவாக்குவதே முறை.

பெங்களூர்த் தெருவில் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் முதன்முதல் எரிந்த மின்விளக்கு, சிவசமுத்திரத்தில் காவிரி தந்த ஆற்றலால் எரிந்தது. கோலார்த் தங்கவயலில் உழைத்த நம் முன்னோருக்கு 1902-லேயே அம்மின்சாரம் சென்றுவிட்டது. காவிரி நீர் குழாய் வழியே இந்நகருக்கு வந்தது 1974-இல். ஆக, ஊரைவிட்டு வந்த நமக்கு ஒளியாகவும் நீராகவும் முன்னரே வந்து காத்திருந்தவள் காவிரி. அவள் தந்த இரண்டையும் ஒரு சிறு தொட்டியில் அளவோடு சேர்ப்பதுதான் இக்கலை.

இப்பொழுது எங்கள் தொட்டியில் ஒன்பது வாட் விளக்கு எரிகிறது. எஞ்சிய மூன்று கப்பிகள் பெருகிப் பதினொன்றாகிவிட்டன. “மீன்கள் இறந்தது உன்னாலன்று, என்னால்தான்” என்று மகளிடம் ஒருநாள் சொன்னேன். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இனி நானே உணவு போடலாமா?” என்று கேட்டாள். இப்பொழுது அது அவள் பொறுப்பு. இரண்டு சிட்டிகைக்கு மேல் போடுவதில்லை. மாலையில் என் அன்னையார் தொட்டியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறார். இரவு ஒன்பது மணிக்கு விளக்குத் தானே அணையும்போது, “ஏரியில் பொழுது சாய்ந்தது” என்று சொல்லி எழுந்து உறங்கச் செல்கிறார்.

அடுத்த திங்களில், குழாய் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தொட்டிக்குப் பக்குவப்படுத்தும் முறையைக் காண்போம்.